மரிச்சுக்கட்டிக் குத்தகை

மன்னார்க் கரை: வரலாற்றுத் தொடர் – 14

சென்ற இதழில் அரிப்பு என்ற கடலோர ஊரில் நிறுத்தினோம். ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801-க்கும் 1804-க்கும் இடையில் கடலோரச் செம்மண் மேட்டில் கட்டிய டொரிக் மாளிகையின் தூண்கள் இன்று ஒவ்வொன்றாகக் கடலில் சரிந்துகொண்டிருக்கின்றன. கொழும்பில் வீற்றிருக்க வேண்டிய ஆளுநருக்கு முசலியின் முட்காட்டோரம் ஒரு வீடு எதற்கு? எதிரே கடலுக்கடியில் கிடந்த, முத்துச் சிப்பி வளரும் பார்களை முன்னிட்டுத்தான் அந்த வீடு. அரசின் சொத்து கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று நோர்த் நினைத்தார். நூறாண்டு கழித்து அதே சொத்தை, இருபது ஆண்டுகளுக்கு, லண்டனில் பதிவான ஒரு கம்பனியின் கையில் அரசு கொடுத்துவிட்டது. இந்த இதழ் அந்தக் குத்தகையைப் பற்றியது.

முதலில், கொடுக்கப்பட்டது என்ன என்று தெரிய வேண்டும். அதற்கு 1905-ஆம் ஆண்டுச் சலாபத்தைப் பார்க்கலாம். முத்துக் குளிப்பு நடக்கும் பருவத்துக்கும் அப்போது கூடும் சந்தைக்கும் சேர்த்து இந்தக் கரையில் வழங்கிய பெயர் சலாபம். மற்றக் காலத்தில் மானும் மயிலும் உலவும் மரிச்சுக்கட்டி மணல்வெளியில் அந்த ஆண்டு ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் கூடினார்கள். ஓலைக் கொட்டில்களாலேயே ஒரு பட்டினம் எழுந்தது. அதில் கச்சேரி, நீதிமன்று, ஆஸ்பத்திரி, தபால் கந்தோர், மறியல் வீடு எல்லாம் உண்டு. குளியாளிகள் மட்டும் ஐயாயிரம் பேர் அளவில். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுகள் மூக்கில் கொம்புக் கவ்வி மாட்டிக் குதித்தார்கள். கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவரும் விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காலைக் கல்லில் வைத்து இறங்கினார்கள். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். ஒரு மூச்சுக்கு ஒரு நிமிடம், நல்ல குளியாளி என்றால் இன்னும் கொஞ்சம். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிகளுக்கு முன்னொரு காலத்தில் அரசே படி அளந்தது. அதைக் கேட்டுச் சிரிக்கும் முன் ஒன்றை யோசிக்கலாம். கடல்கட்டி கரையில் நின்றால்தான் குளியாளி தண்ணீரில் இறங்குவான் என்பது வெள்ளைக்கார அதிகாரிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றில் தோணிகள் புறப்படும். விடியலில் வெடிச் சத்தம் கேட்டால் குளிப்பு தொடங்கும். நண்பகலில் இன்னொரு வெடி. அதோடு நிறுத்தி, கடற்காற்றில் பாய் விரித்துக் கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் வேலி கட்டிய பெரிய அடைப்பு ஒன்று இருக்கும். அதைக் கொட்டு என்பார்கள். எடுத்த சிப்பி எல்லாம் அங்கே போக வேண்டும். தோணிக்காரர் தங்கள் சிப்பியைத் தாங்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எந்த இரண்டு குவியல் அரசுக்கு, எது குளியாளிகளுக்கு என்று அதிகாரி கை காட்டுவார். எந்தக் குவியல் தமக்கு வரும் என்று தெரியாததால் மூன்றையும் சமமாகவே பிரிப்பார்கள். கண்காணிப்புச் செலவில்லாத ஏற்பாடு இது. யார் கண்டுபிடித்தாரோ, கெட்டிக்காரர்.

இருட்டியதும் ஏலம். அரசின் மூன்றில் இரண்டு பங்குச் சிப்பி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் விலை ஏறும். அதிக விலை சொன்னவர் அந்த விலைக்குத் தமக்கு வேண்டிய ஆயிரங்களை எடுத்துக்கொள்வார். பிறகு அடுத்த சுற்று. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கீழக்கரை மரைக்காயர்கள், பம்பாய் வியாபாரிகள் என்று கேட்பவர்கள் பல தரப்பினர். சிப்பி திறக்கப்படுவதில்லை. உள்ளே ஆணி முத்து இருக்கிறதா, வெறும் தூள் இருக்கிறதா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அரசு செய்தது ஒன்றுதான். பருவத்துக்கு முன்பே பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு, அந்த மதிப்பை ஊரறிய அறிவித்தது. ஆகவே ஏலத்துக்கு வந்த எல்லோருக்கும் தெரிந்தது ஒரே அளவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த ஒரு பருவத்தில் எடுத்தது எட்டுக் கோடிச் சிப்பிக்கு மேல். அரசுக்கு வந்தது சுமார் 25 இலட்சம் ரூபா. பிரித்தானியர் காலத்துச் சலாபங்களிலேயே பெரியது அது.

இந்தச் சந்தை இவ்வளவு திறந்ததாக இருந்தாலும், அதன் அடியில் இருந்தது முழு ஏகபோகம். கடலடியிலுள்ள பார் அரசனுக்குச் சொந்தம் என்பதில் பாண்டியரும் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒரே கருத்துடையவர்கள்தான். ஒல்லாந்தர் குளிக்கும் உரிமையைக் கல்லால் எண்ணினார்கள். ஒரு கல்லுக்கு இவ்வளவு வரி; அதுவும் கிறிஸ்தவனுக்கு ஒரு வீதம், மற்றவருக்கு வேறு வீதம். மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் பரதவர் சாதித் தலைவருக்கும் வரியில்லாத கற்கள் உண்டு. பெரியவர்களைச் சமாதானப்படுத்தினால்தான் ஏகபோகம் நிலைக்கும் என்று ஒல்லாந்தர் அறிந்திருந்தார்கள். ஆங்கிலேயர் அந்தச் சலுகைகளைச் சிறிது சிறிதாகக் கழித்தார்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு பருவத்தையும் ஒரு பெரிய குத்தகைக்காரரிடம் மொத்தமாக விட்டார்கள். 1796, 1797, 1798 என்று மூன்று ஆண்டு அடுத்தடுத்துக் குளித்ததில் பார்கள் மெலிந்துபோயின. ஒரு பருவக் குத்தகைக்காரன் அடுத்த பருவத்துக்கு ஏன் சிப்பியை மிச்சம் வைப்பான்? பிறகுதான், ஆண்டுகள் பல சென்ற பின், அரசு தானே நடத்தித் தன் பங்கை மாலை ஏலத்தில் விற்கும் முறை வேரூன்றியது.

1811-இல் ஓர் ஒழுங்குவிதி வந்தது. பார்களுக்கு அருகில் காரணமின்றிச் சுற்றித் திரியும் எந்தத் தோணியையும் பறிமுதல் செய்யலாம் என்றது அது. பார்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளிக் கிடப்பவை. பீரங்கிக் குண்டு எட்டும் மூன்று மைல்தான் ஒரு நாட்டின் கடல் என்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலம். 1893-இல் பேரிங் கடலின் கடல்நாய் (சீல்) வேட்டைத் தகராறு பாரிஸில் மத்தியஸ்தத்துக்குப் போனபோது, பிரித்தானியாவை மடக்க அமெரிக்க வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டிய சட்டங்களில் இந்த மன்னார்ச் சட்டமும் ஒன்று. அரிப்புக்காரர் யாரும் கேள்விப்பட்டிராத வழக்கில் அரிப்புக் கடல் சாட்சி சொல்லியிருக்கிறது!

கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரையால் 1833-இல் கறுவா ஏகபோகம் ஒழிந்தது. உப்பும் முத்தும் அரசிடமே தங்கின.

இப்போது குத்தகைக்கு வருவோம். 1906-இல், ஆளுநர் சேர் ஹென்றி பிளேக் காலத்தில், 'சிலோன் கம்பனி ஒஃப் பேர்ல் பிஷர்ஸ் லிமிட்டெட்' என்ற கம்பனிக்குப் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகையாகின. ஆண்டு வாடகை 3,10,000 ரூபா. பார்களை வளர்ப்பதற்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை செலவிட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. முந்தின ஆண்டுதான் ஒரே பருவத்தில் 25 இலட்சம் வந்திருக்க, மூன்று இலட்சத்துச் சொச்சத்துக்கு விட்டது கொள்ளை என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. 1891-க்குப் பிறகு 1903 வரை மன்னாரில் சலாபமே இல்லை. 1903-இல் அரசுக்குச் சுமார் 8 இலட்சம், 1904-இல் 10 இலட்சத்துக்கு மேல், 1905-இல் 25 இலட்சம்; மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 44 இலட்சம். வெறுமையாகப் போன பதினோராண்டையும் சேர்த்து 1892 முதல் 1905 வரையான பதினான்கு ஆண்டுகளுக்கு அதைப் பங்கிட்டால் ஆண்டுக்கு 3 இலட்சத்து 14 ஆயிரம் அளவில் வருகிறது. குத்தகைத் தொகைக்கு எவ்வளவு பக்கத்தில்! கச்சேரி எழுதுவினைஞர் இப்படித்தான் கணக்குப் போட்டார் என்று நான் சொல்லவில்லை. சராசரியை விலையாக வைத்தால் இந்தத் தொகை நியாயமாகவே தெரியும் என்பதைத்தான் சொல்கிறேன். கடல் தருமா தராதா என்ற கவலையைக் கம்பனியிடம் தள்ளிவிட்டு, மாதச் சம்பளக்காரனைப் போல் நிம்மதியாக இருக்க அரசு ஆசைப்பட்டது.

அப்படியென்றால் எங்கே பிழை? பணத்தில் அல்ல என்றே நினைக்கிறேன். தெரிந்ததை யார் வைத்திருந்தார் என்பதில்தான் அது கிடக்கிறது. 1902-இல் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அரசு தன் செலவில் வரவழைத்துப் பார்களை ஆராயச் செய்தது. அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி, பார்களின் பொறுப்பையும் ஏற்றார். செவல் பாரில் குஞ்சுச் சிப்பி எவ்வளவு, பெரிய பாரில் மணல் மூடியது எவ்வளவு, மோதரகம் பாரில் எத்தனை வயதுச் சிப்பி என்பதெல்லாம் அவர் குறிப்பேடுகளில் ஏறின. ஹெர்ட்மனின் அறிக்கையை ரோயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. அது ஊருக்குப் பொது. ஆனால் குளிப்புக்கு உயிர், ஆண்டுதோறும் பாரைப் பார்த்து எடுக்கும் கணக்கு. குத்தகைக்குப் பின் ஹோர்னெலே கம்பனியின் விஞ்ஞான ஆலோசகரானார். அந்த மனிதரின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையை வளர்த்தெடுத்தவர் அவர். கேள்வி ஏற்பாட்டைப் பற்றியது. பொதுப்பணத்தில் சேர்ந்த அறிவு ஒரே ஒரு வியாபாரியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. முன்பு மாதிரி முத்தின் மதிப்பு எல்லா வியாபாரிகளுக்கும் ஒன்றாக அறிவிக்கப்பட்டது என்று சொன்னேனே, அதற்கு நேர் எதிர் இது.

இன்றைய தொழில்நுட்பக் கம்பனிகளின் மீதான வழக்குகளைப் படிப்பவர்களுக்கு இது புதிதாக இராது. 2024 ஓகஸ்டில் வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா, இணையத் தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தார். கைப்பேசியிலும் உலாவியிலும் தானே முதல் தேடுபொறியாக இருப்பதற்காக 2021 என்ற ஒரே ஆண்டில் கூகுள் மற்றவர்களுக்குக் கொடுத்தது 2,630 கோடி டொலர். அதுவும் ஒரு குத்தகைப் பணம்தான். பரிகாரத்தை 2025 செப்டெம்பரில் அறிவித்தபோது குரோம் உலாவியை விற்கச் சொல்லவில்லை நீதிபதி. கோடிக்கணக்கானவர் தேடியதால் திரண்ட தரவில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுக்குக் கொடுக்கும்படி சொன்னார். ஹோர்னெலின் குறிப்பேட்டை மற்ற வியாபாரிகளுக்கும் காட்டு என்று 1906-இல் ஒரு நீதிபதி சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

சொல்லியிருக்க முடியாது. சட்டம் அப்படி. அமெரிக்காவில் ஷெர்மன் சட்டம் 1890-இலேயே வந்துவிட்டது. அதைக் கொண்டு 1911-இல் ஸ்டாண்டர்ட் ஒயில் உடைக்கப்பட்டது. அந்தச் சட்டம் பிடிப்பது வியாபாரியை. அரசே கொடுத்த தனியுரிமையின் கிட்டே அது நெருங்குவதில்லை. 1943-இல், கலிபோர்னிய உலர்திராட்சை வழக்கொன்றில், மாநில அரசு தன் ஆட்சியதிகாரத்தால் செய்ததை ஷெர்மன் சட்டம் தொடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மன்னாரின் ஏகபோகம் சந்தையில் வளர்ந்த ஏகபோகமல்ல. கச்சேரியில் முத்திரை குத்திக் கொடுத்தது. அதைக் கட்டுப்படுத்தக்கூடியவை இரண்டு: எத்தனை ஆண்டுக்கு என்பதும், எத்தனை பேரைக் கேட்டுவிட்டு என்பதும்.

இந்த இரண்டாவது கேள்வி இதே கரையில் சமீபத்தில் மறுபடி எழுந்தது. முத்துக்காக அல்ல, காற்றுக்காக. மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் 'தம்பபவனி'யின் 30 காற்றாலைகள் மின்சார சபைக்காகக் கட்டப்பட்டவை. சர்வதேச விலைமனுவில் வென்ற வெஸ்டாஸ் நிறுவியது. 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அடுத்து வந்த அதானி கிரீன் எனர்ஜியுடனான உடன்படிக்கை அந்த வழியில் வரவில்லை. 2022 மார்ச்சில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூன் 9-ஆம் திகதி, போட்டி விலைமனுத் தேவையை நீக்கும் மின்சாரத் திருத்தச் சட்டம் 120-க்கு 36 வாக்குகளால் நிறைவேறியது. திட்டத்தை அதானிக்குக் கொடுக்க மேலிடத்து அழுத்தம் இருந்தது என்று மறுநாள் நாடாளுமன்றக் குழுவின் முன் மின்சார சபைத் தலைவர் சொன்னதும், அதற்கடுத்த நாள் அதை மீளப் பெற்றதும், இரண்டே நாளில் பதவி விலகியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட். ஓர் அலகு 8.26 அமெரிக்க சதம், 20 ஆண்டு. ஆம், அதே இருபது. சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின, ஆட்சி மாறியது, விலை மறுபரிசீலனைக்கு வந்தது, 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. மன்னாரில் 50 மெகாவாட்டுக்கு விலைமனுக் கோரியபோது ஹேலிஸ் பென்டன்ஸ் சொன்ன விலை 4.65 சதம். இரண்டு திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் வேறு. ஒன்றை ஒன்றோடு அப்படியே கழித்துப் பார்ப்பது சரியல்ல. ஆனாலும் விலைமனு என்ற ஒன்று இருப்பதன் பயனை விளக்க அந்த இரண்டு எண்களே போதும். காற்றாலையே வேண்டாம் என்று 2025 ஓகஸ்டில் தெருவில் இறங்கிய தீவுக்காரருக்கு எந்த விலையானாலும் ஒன்றுதான். அது வேறு கதை, தொடரின் கடைசி இதழ்களில் வரும்.

வியாபாரியைப் பிடிக்கும் சட்டமாவது நம்மிடம் இருக்கிறதா? இருந்தது. 1987-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்க நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகத்தையும் கம்பனி இணைப்புகளையும் விசாரிக்க இடம் கொடுத்தது. 2003-இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதை நீக்கிவிட்டு வந்தபோது, அந்த இரண்டு அதிகாரங்களும் வரவில்லை. போட்டிக்கு எதிரான நடத்தை பற்றிய விசாரணை மட்டும் எஞ்சியது. பிறகு எடிசலாட் ஹட்சுக்குள் போனது, 2024-இல் எயார்டெல் டயலொக்கிற்குள் போனது. கைப்பேசிக் கம்பனிகள் ஐந்து மூன்றாகின. தலைமன்னார் மீனவர் எந்த சிம் போடுவது என்று யோசிக்கும் நேரம் மிச்சமாயிற்று.

கம்பனிக்குத் திரும்புவோம். முதல் பருவமான 1906-இல் எடுத்தது ஆறரைக் கோடிச் சிப்பிக்கு மேல். யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் அதிகாரியாக இருந்த லெனர்ட் வுல்ஃப் அந்தச் சலாபத்துக்குக் கொட்டு மேற்பார்வையாளராக வந்தார். அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈக்களும் ஏலமும் அவர் மனதை விட்டுப் போகவில்லை. பின்னாளில் முத்துக் குளிப்பை வைத்து ஒரு கடுமையான சிறுகதை எழுதினார். கம்பனி புதுமை விரும்பியது. சிப்பியைத் திறக்காமலே உள்ளிருக்கும் முத்தைக் காண எக்ஸ்-ரே கருவியைக் கொண்டுவந்து சோதித்தது. முத்தில்லாச் சிப்பியை உயிரோடு கடலில் விட்டுவிடலாம் என்பது திட்டம். நல்ல யோசனைதான். சிப்பிகள் கோடிக்கணக்கில் வரும் இடத்தில், அந்தக் காலத்துக் கருவியால் அது தொழிலாகவில்லை.

1907-இலும் சலாபம் நடந்தது. அதோடு சரி. 1908-இல் பார்கள் வெறுமை. அடுத்த ஆண்டும் வெறுமை. குஞ்சுச் சிப்பி தங்கவில்லை, தங்கியதை மணல் மூடியது, மிஞ்சியதைத் திருக்கையும் கிளாத்தியும் தின்றன. கம்பனி பேராசையால் பார்களை அழித்தது என்று சொல்வோருண்டு. அது முழு உண்மை ஆகாது. 1837-க்குப் பின் பதினெட்டு ஆண்டு, 1768-க்குப் பின் இருபத்தெட்டு ஆண்டு என்று இந்தக் கடல் முன்பும் கையை விரித்திருக்கிறது; எட்டுக் கோடியை ஒரே பருவத்தில் வாரியது அரசுதான். ஆனால் கம்பனிக்குச் சராசரி என்பது வாடகை கட்டும் தேதிதான். பதினோராண்டு வெறுமையைக் கச்சேரி தாங்கியது, ஏனென்றால் கச்சேரிக்கு வேறு வருமானங்கள் இருந்தன. பங்குதாரர் தாங்கமாட்டார். இருபது ஆண்டுக் குத்தகை தன் காலத்தைக் காணவில்லை, கம்பனி நொடித்துப்போயிற்று. நிம்மதியாக ஆண்டுக்கு மூன்று இலட்சம் வாங்கலாம் என்று நினைத்த அரசுக்கும் பார்தான் திரும்பி வந்தது.

அரசு மறுபடி சலாபம் கூட்டியது 1925-இல். முத்துக்குளிப்புக்கென்று புதிய கட்டளைச் சட்டமும் அந்த ஆண்டே வந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, பிரித்தானியர் காலத்துச் சலாபம் அதுவே கடைசி. அதற்கு முன்பே, 1921-இல், ஜப்பானின் மிக்கிமோட்டோ வளர்த்த உருண்டை முத்துகள் லண்டன் சந்தையில் இறங்கி வியாபாரிகளைக் கலங்கடித்திருந்தன. இயற்கை முத்து எது, வளர்த்த முத்து எது என்று பிரித்தறிய அந்த வியாபாரிகள் கடைசியில் நாடியது எக்ஸ்-ரே கருவியைத்தான். ஒல்லாந்தர் கல்லெண்ணியும், ஆங்கிலேயர் தோணி பறித்தும் காத்த ஏகபோகத்தை எந்த நீதிமன்றமும் உடைக்கவில்லை. சிப்பிக்குள் ஒரு மணியை வைத்துக் காத்திருந்த ஒரு நூடில்ஸ் கடைக்காரர் மகன் உடைத்தார்.

பார்கள் வெறுமையாகக் கிடந்த அந்த இடைவெளியில்தான், 1914-இல், தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் வந்தன. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய அந்தக் கப்பல்களில் யார் ஏறலாம், யாரை மண்டபம் முகாமில் நிறுத்தி வைப்பார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)